பூட்டுக்கு முன்னால் நின்ற ரோபோ - ஒரு கொசுவர்த்தி

கொசுவர்த்தி சுத்தி ரொம்ப நாளாச்சு மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் பெருசாவே சுத்தப்போறேன். காபி, டீ ஏதாவது எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

பொட்டி தட்டுற வேலைக்கு வந்த புதுசுல அம்மா ஒரு நாள் கேட்டாங்க, "நீ ஆபீஸ்ல என்னதான்டா பண்ற?"ன்னு. "மத்தவங்க செஞ்சதுல தப்பு கண்டுபிடிக்கிறது தாம்மா வேலை"ன்னேன். "அதுக்குமா சம்பளம் தர்றாங்க? நம்ம தெருவுல எல்லாரும் சும்மாவே செய்யறாங்களே"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. டெஸ்டிங் என்ற தொழிலுக்கு அதைவிட நல்ல விளக்கம் இதுவரைக்கும் நான் கேட்டதில்லை.

அந்தத் தொழில்ல கையால பண்ற வேலையை மெஷினைப் பண்ண வைக்கிறதுக்குப் பேர் ஆட்டோமேஷன். உலாவியை ஒரு நிரல் திறக்கும், பொத்தானை அமுக்கும், படிவத்தை நிரப்பும், வந்த பதில் சரியான்னு பாக்கும். நாம தூங்கும்போதும் அது ஆணி புடுங்கும். கேக்க நல்லாத்தான் இருக்கும்.

2007-ல் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனி (பேர் வேண்டாம், அவங்களும் பொழைக்கணும்). வாடிக்கையாளரோட உள்தளம் ஒண்ணுக்கு 300-க்கு மேல டெஸ்ட் எழுதி, ராத்திரி ஓட விட்டுட்டு, பெரிய சாதனை பண்ணின நினைப்புல வீட்டுக்குப் போனேன். காலையில வந்து பார்த்தா ஒரு டெஸ்ட் கூட ஓடலை. முதல் பக்கமே திறக்கலை. திரை நடுவுல ஒரு சின்னச் சாம்பல் நிறப் பெட்டி. பயனர் பெயர், கடவுச்சொல், ஓகே, கேன்சல். அவ்வளவுதான். ராத்திரி பூரா யாராவது வந்து டைப் அடிப்பாங்கன்னு அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. நம்ம ரோபோவும் அதுக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கு.

மண்டை காய்ஞ்சு போச்சு. அந்தச் சின்னப் பெட்டி எங்கேயிருந்து வந்தது, ஏன் ரோபோவுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியலைன்னு தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

*

முதல்ல கடவுச்சொல்லோட கதை. 1960-களின் தொடக்கத்துல அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஒரே கணினியைப் பல பேர் ஒரே நேரத்துல பயன்படுத்துற சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை உருவாக்கினாங்க. தலைவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. பல பேர் ஒரே மெஷின்ல உக்காரும்போது யாரோட கோப்பு யாருக்குன்னு பிரிக்கணும் இல்லையா? ஆளுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்தாங்க. கணினி உலகத்துல கடவுச்சொல் வந்த வழி இதுதான்னு பொதுவா சொல்லுவாங்க.

வந்த கொஞ்ச நாள்லயே ஆப்பும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு ஒதுக்கின கணினி நேரம் பத்தலை. 1962-ல் அவர் கடவுச்சொல் கோப்பையே அச்செடுக்கச் சொல்லி மெஷினுக்கு ஒரு வேலை கொடுத்தார். மெஷினும் மறுபேச்சு பேசாம அச்சடிச்சுக் கொடுத்தது. அப்புறம் அடுத்தவங்க பேருல உள்ள போய் தன் வேலையைப் பார்த்துக்கிட்டார். கணினி நேரம் கடன் வாங்கினதா வெச்சுக்கலாம் :-)

1966-ல் நடந்தது இன்னும் கொடுமை. ரெண்டு பேர் ஒரே சமயத்துல ரெண்டு கோப்பைத் திருத்திக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு, உள்ள வர்றவங்களுக்குக் காட்டுற "இன்றைய அறிவிப்பு". இன்னொண்ணு, கடவுச்சொல் பட்டியல். திருத்தி நிரல் பயன்படுத்தின தற்காலிகக் கோப்பு ரெண்டு பேருக்கும் ஒரே பேரா இருந்ததால ரெண்டும் இடம் மாறிப்போச்சு. அதுக்கப்புறம் உள்ள வந்த ஒவ்வொருத்தருக்கும் அறிவிப்புக்குப் பதிலா ஊர்ல இருக்கிற எல்லாரோட கடவுச்சொல்லும் வரவேற்பு சொன்னது. இந்தக் கதையை மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி எனக்கே ஒண்ணு நடந்தது.

*

இப்போ வலைக்கு வருவோம். டிம் பெர்னர்ஸ்-லீ ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்துல வலையை உருவாக்கினப்போ பூட்டு போடுறது அவரோட முதல் கவலை இல்லை. ஆவணங்களை எல்லாரும் படிக்கணும் என்பதுதான் நோக்கம். ஆனால் பரவ ஆரம்பிச்ச உடனே "இந்தப் பக்கத்தை இவங்க மட்டும்தான் பாக்கணும்" என்ற தேவை வந்துடுச்சு.

1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1945, அதாவது எச்டிடிபி 1.0 பத்தின ஆவணத்துல அதுக்கு ஒரு வழி எழுதி வெச்சாங்க. நீங்க ஒரு பக்கத்தைக் கேக்குறீங்க. சர்வர், "401, நீ யாருன்னு சொல்லு" என்று பதில் அனுப்பும். கூடவே இது எந்தப் பகுதிக்கான பூட்டுன்னு ஒரு பேரும் வரும். இதைப் பார்த்த உலாவி தன் சொந்தச் சரக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து உங்க முன்னால நீட்டும். நீங்க அடிச்ச பெயரையும் கடவுச்சொல்லையும் நடுவுல ஒரு முக்காற்புள்ளி வெச்சு ஒட்டி, பேஸ்64 என்ற முறையில எழுத்து மாத்தி, அதே பக்கத்தை மறுபடியும் கேக்கும். இந்தத் தடவை கதவு திறக்கும். இதுக்குப் பேர் "பேசிக்" முறை. பேருக்கேத்த மாதிரியே அடிப்படைதான்.

பேஸ்64 என்பது பூட்டு இல்லை, வெறும் வேஷம். யார் வேணும்னாலும் திருப்பிப் படிக்கலாம். அந்த ஆவணமே இது பாதுகாப்பானது இல்லைன்னு ஒப்புக்குது. அதுல கொடுத்திருக்கிற உதாரணம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பயனர் பெயர் அலாவுதீன். கடவுச்சொல் "திறந்திடு சீசேம்". ரெண்டையும் முக்காற்புள்ளியோட சேர்த்தா ஆங்கிலத்துல 19 எழுத்து. வேஷம் போட்ட பிறகு 28 எழுத்து, கடைசியில ரெண்டு சமக்குறி. நம்ம ஊர்ல ஒண்ணாம் கிளாஸ் பையனைக் கேட்டாலும் சொல்லுவான், திறந்திடு சீசேம் அலிபாபாவோட சமாச்சாரம், அலாவுதீன்கிட்ட இருந்தது விளக்குன்னு. எம்ஜிஆர் 1956-லேயே குகை வாசல்ல நின்னு நமக்குச் சொல்லிக் கொடுத்துட்டார். ஆனா அந்த உதாரணம் 1999-ல் வந்த ஆர்எஃப்சி 2617-லும், 2015-ல் வந்த ஆர்எஃப்சி 7617-லும் அப்படியே தொடருது. யோசிச்சுப் பார்த்தா இதுவும் பொருத்தம்தான். அடுத்தவன் கடவுச்சொல்லை வெச்சுக்கிட்டு உள்ள போற ஆள்தானே இந்தக் கதையோட வில்லன்!

போற போக்குல ஒரு தகவல். ஆங்கில எழுத்தைத் தாண்டி வேற மொழியில கடவுச்சொல் வெச்சா எந்தக் குறியாக்கத்துல அனுப்பணும்னு ரொம்ப நாள் வரைக்கும் தெளிவாச் சொல்லலை. உலாவிக்கு உலாவி ஒரு வழியில போச்சு. 2015-ல் வந்த ஆவணத்துலதான் "யுடிஎஃப்-8-ல் அனுப்பு"ன்னு சர்வர் சொல்றதுக்கு வழி பண்ணினாங்க. எழுத்துரு மாத்தி எழுத்துரு மாத்தி அல்லாடின நமக்கு இந்த வலி புரியும்.

*

சரி, ரோபோவுக்கு ஏன் அந்தப் பெட்டி தெரியலை?

லாகின்ல ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, பக்கத்துக்குள்ளேயே இருக்கிற படிவம். 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டு வந்த பிறகு இது பெருகிடுச்சு. பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கிட்டு சர்வர் ஒரு குக்கியைக் கையில கொடுக்கும். கோயில்ல செருப்பு விட்டா டோக்கன் தர்ற மாதிரி. அடுத்த தடவை டோக்கனைக் காட்டினா போதும். இந்தப் படிவம் பக்கத்தோட ஒரு பாகம் என்பதால ரோபோவுக்குப் பிரச்சனையே இல்லை. கட்டத்தைக் கண்டுபிடிச்சு நிரப்பிடும்.

இன்னொண்ணு நம்ம சாம்பல் பெட்டி. அது பக்கத்துல இல்லை. உலாவியோட சொந்தச் சொத்து. வீட்டுக்குள்ள இருக்கிற மேஜையை நகர்த்தச் சொன்னா நகர்த்துற ஆள், வாசல்ல கூர்க்கா நிறுத்தி வெச்சா என்ன பண்ணுவான்? வீட்டுக்குள்ளேயே வரலையே! இதுல இன்னொரு வில்லங்கம், பேசிக் முறையில வெளியே வர்றதுக்கு முறையான வழி கிடையாது. உலாவியை மூடுற வரைக்கும் அது கடவுச்சொல்லை ஞாபகம் வெச்சு அனுப்பிக்கிட்டே இருக்கும். மேலாளராப் போய்ப் பார், அப்புறம் சாதா ஊழியராப் போய்ப் பார் என்று டெஸ்ட் எழுதினா ரெண்டாவது ஆளும் மேலாளராவே உள்ள போவார்.

*

இங்கதான் செலினியம் வருது. 2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்துல ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், ஊழியர்கள் வேலை நேரமும் செலவும் பதியுற ஒரு உள் செயலியைச் சோதிக்க அதை ஆரம்பிச்சார். ஆமாங்க, நம்ம வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் திட்டிக்கிட்டே நிரப்புற அதே டைம்ஷீட் வகையறா! உலகத்தோட பெரிய டெஸ்டிங் கருவிக்கு டைம்ஷீட்தான் தாய்வீடு.

பேருக்கும் ஒரு நக்கல் இருக்கு. அப்போ டெஸ்டிங் கருவிகள்ல பெரிய தலை மெர்க்குரி இன்டராக்டிவ் நிறுவனம் (2006-ல் எச்பி அதை வாங்கிடுச்சு). மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச விஷத்துக்கு செலினியம் மருந்துன்னு ஹக்கின்ஸ் கிண்டல் பண்ண, அதுவே பேராயிடுச்சு. ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும். மெர்க்குரியோட க்யூடிபி விண்டோஸ் பெட்டிகளையும் பார்க்கும், அதுல எழுதும். நம்ம சாம்பல் பெட்டி அதுக்கு ஒரு விஷயமே இல்லை. லைசென்ஸ் விலைதான் விஷயம். எங்க டீம்ல இருந்த லைசென்ஸுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை நிப்போம்.

இலவசமா வந்த செலினியம் வேற வழியில போச்சு. அது உலாவிக்கு உள்ளேயே ஓடுற ஜாவாஸ்கிரிப்ட். ஒரு தளத்திலிருந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தோட பக்கத்தைத் தொடக்கூடாதுன்னு உலாவிகள்ல ஒரு விதி உண்டு. அதனால முதல்ல செலினியத்தைச் சோதிக்கப்படும் சர்வர்லயே நிறுவ வேண்டியிருந்தது. அப்புறம் வந்த செலினியம் ஆர்சி நடுவுல ஒரு ப்ராக்ஸியை நிறுத்தி, எல்லாமே ஒரே இடத்துலேர்ந்து வர்ற மாதிரி உலாவியை ஏமாத்தியது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா எவ்வளவு ஏமாத்தினாலும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்குள்ள இருக்கிற ஆள்தான். கூர்க்காவைப் பார்க்கவே முடியாது.

அப்போ என்ன பண்ணினோம்? ஊரெல்லாம் என்ன பண்ணிச்சோ அதைத்தான்.

முதல் குறுக்கு வழி, முகவரியிலேயே சாவியைச் செருகறது. தளத்தோட பேருக்கு முன்னால பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல், அப்புறம் ஒரு @ குறி. உலாவி பெட்டியே காட்டாம உள்ள போயிடும். சூப்பரா இருக்கே என்கிறீங்களா? திருடனுக்கும் அப்படித்தான் தோணுச்சு. @ குறிக்கு முன்னால வங்கியோட பேரை எழுதி, பின்னால தன் தளத்தை எழுதி மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பிச்சான். பாக்குறவங்களுக்கு வங்கி முகவரி மாதிரி தெரியும், போறது திருடன் வீட்டுக்கு. 2003 கடைசியில இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல ஒரு ஓட்டையும் சேர்ந்துக்கிச்சு. ஒரு குறிப்பிட்ட குறியைச் செருகினா @-க்குப் பின்னால இருக்கிறதே முகவரிப் பட்டையில தெரியாது. மைக்ரோசாஃப்ட் 2004 பிப்ரவரியில ஒரு திருத்தம் வெளியிட்டு அந்த வசதியையே பிடுங்கிப் போட்டுடுச்சு. 2005 ஜனவரியில வந்த ஆர்எஃப்சி 3986-உம் கடவுச்சொல்லை முகவரியில எழுதுறதைக் கைவிடச் சொல்லிடுச்சு. நெருப்புநரி வசதியை வெச்சுக்கிட்டே, "இந்தப் பேர்ல இந்தத் தளத்துக்குப் போறீங்க, நிஜமாவா?"ன்னு கேக்க ஆரம்பிச்சது. ரோபோவுக்கு அதுவும் இன்னொரு பெட்டி!

எங்க வாடிக்கையாளர் தளம் ஐஈ 6-ல் மட்டும்தான் ஒழுங்கா ஓடும். ரெஜிஸ்ட்ரியில ஒரு மதிப்பை மாத்தினா பழைய வசதி திரும்ப வரும். ஆனா அதை மாத்த அனுமதி வாங்கணும்னா நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடணும். போட்டேன். இன்னும் பதில் வரலை :-)

ரெண்டாவது குறுக்கு வழி, ஆட்டோஇட். ஜோனதன் பென்னட் என்பவர் 1999-ல் வெளியிட்ட இலவச விண்டோஸ் கருவி. இந்தத் தலைப்புல ஒரு பெட்டி வர்ற வரைக்கும் காத்திரு, வந்ததும் இதை டைப் அடி, என்டர் தட்டுன்னு நாலு வரி எழுதினா போதும். கூர்க்காவைச் சமாளிக்க நாமளும் வாசல்ல ஒரு ஆளை நிறுத்தின மாதிரி. ஒரு பக்கம் செலினியம், இன்னொரு பக்கம் ஆட்டோஇட். இந்த ஜோடியில ஓடின டெஸ்டுகள் உலகத்துல ஏராளம்.

சிக்கல் என்னன்னா, பெட்டியோட தலைப்பு உலாவிக்கு உலாவி, விண்டோஸுக்கு விண்டோஸ் மாறும். ஐஈ-ல் சர்வர் பேரும் தலைப்புல வரும். ஒரு நாள் வாடிக்கையாளர் சர்வர் பேரை மாத்திட்டாங்க. நம்மாளு பழைய தலைப்புக்காகக் காத்துக்கிட்டே இருந்தான். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "தலைப்பெல்லாம் பாக்காதே, பத்து விநாடி பொறு, அப்புறம் டைப் அடி"ன்னு மாத்தினேன். அன்னிக்குப் பகல்லயே என் மெஷின்ல ஓடுது. நான் டமேஜரோட சாட்ல இருக்கேன். உலாவி ஏற்கனவே உள்ள போயிருந்ததால பெட்டியே வரலை. ஆட்டோஇட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? பத்து விநாடி முடிஞ்சதும் எந்த ஜன்னல் முன்னால இருந்ததோ அதுல அடிச்சுது. வாடிக்கையாளர் சர்வரோட பயனர் பெயர், கடவுச்சொல், என்டர். எல்லாம் டமேஜர் திரையில போய் விழுந்தது.

"இது என்ன, புது மாதிரி குட் மார்னிங்கா?"ன்னு பதில் வந்தது. அவ்வ்வ்வ்...

எம்ஐடி-யில 1966-ல் நடந்தது, நாப்பது வருஷம் கழிச்சு என் மேஜையில நடந்தது. பரம்பரை வியாதி மாதிரி.

மூணாவது வழிதான் கொஞ்சம் மரியாதையானது. பேசிக் முறையில கடைசியா சர்வருக்குப் போறது ஒரு தலைப்பு வரிதான். நடுவுல இருக்கிற ப்ராக்ஸியே அந்த வரியை ஒவ்வொரு கோரிக்கையோடும் சேர்த்து அனுப்பிட்டா 401 வரவே வராது, பெட்டியும் வராது. செலினியம் ஆர்சி-யில அதுக்குக் கட்டளை இருந்தது, பின்னாடி பிரவுசர்மாப் ப்ராக்ஸி போன்ற கருவிகளும் வந்தது. நெருப்புநரியில ஏற்கனவே சேமிச்ச கடவுச்சொல்லோட ஒரு ப்ரொஃபைல் தயார் பண்ணி, ஒவ்வொரு தடவையும் அதை நகலெடுத்து ஓட்டுறவங்களும் இருந்தாங்க.

*

சைமன் ஸ்டூவர்ட் என்பவர் வெப்டிரைவர்னு இன்னொரு கருவியைச் செஞ்சார். உள்ளே ஜாவாஸ்கிரிப்டா உக்காராம, ஒவ்வொரு உலாவியையும் அதுக்கேத்த வழியில வெளியிலிருந்து ஓட்டுறது அவரோட யோசனை. 2009-ல் ரெண்டு திட்டமும் சேர்றதா முடிவாகி, 2011 ஜூலையில செலினியம் 2.0 வந்தது. ஆகா, இனிமே சாம்பல் பெட்டி ஒழிஞ்சதுன்னு துள்ளினேன். ஒழியலை. பக்கம் போடுற எச்சரிக்கைப் பெட்டியை வெப்டிரைவர் அமுக்கும். லாகின் பெட்டியில எழுதுற வசதியைக் கொஞ்ச நாள் சோதனையா வெச்சிருந்தாங்க, அதுவும் ஐஈ-ல் மட்டும்தான் வேலை செஞ்சது, அப்புறம் எடுத்துட்டாங்க. 2018 ஜூன் 5-ல் வெப்டிரைவர் டபிள்யூ3சியோட அதிகாரபூர்வத் தரமாச்சு. அதுலயும் பக்கம் எழுப்புற பெட்டிகளுக்குத்தான் இடம். 401 பெட்டிக்கு ஒரு கட்டளையும் இல்லை. 1996-ல் காகிதத்துல இருந்த பூட்டுக்கு 22 வருஷம் கழிச்சும் தரப்படுத்தின சாவி கிடையாது!

விடிவு வேற பக்கத்துலேர்ந்து வந்தது. குரோமுக்கு உள்ளே நிரலர்கள் பிழை தேடுறதுக்குன்னு ஒரு பின்வாசல் நெறிமுறை உண்டு. 2017-ல் குரோம் குழு வெளியிட்ட பப்பட்டியர் அந்த வழியாப் பேசியது. 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ப்ளேரைட்டில் உலாவியைத் திறக்கும்போதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துடலாம். 2021 அக்டோபர்ல வந்த செலினியம் 4-ம் அதே பின்வாசலைப் பிடிச்சது. சர்வர் 401 சொன்னதும் உலாவி, பெட்டியை மனுஷனுக்கு நீட்டுறதுக்கு முன்னாலயே, "அண்ணே, இவன் கேக்குறான், என்ன சொல்ல?"ன்னு ரோபோவைக் கேக்கும். பெட்டியே வரையப்படாது. இப்போ டபிள்யூ3சியில உருவாகிக்கிட்டு இருக்கிற வெப்டிரைவர் பைடை நெறிமுறையில இதையே எல்லா உலாவிக்கும் பொதுவா எழுதியிருக்காங்க. சாவியைக் கொடு, வழக்கம்போல விடு, ரத்து பண்ணுன்னு மூணு பதில்.

கவனிச்சீங்களா? ஆரம்பத்துல பெட்டியில டைப் அடிக்கப் பார்த்தோம். கடைசியில ஜெயிச்சது பெட்டி வர்றதுக்கு முன்னாலயே நிக்கிற வழி.

*

இத்தோட சுபம் போட்டிருக்கலாம். ஆனா சொல்ல வந்ததே இனிமேதான்.

பெட்டி போச்சு, பூட்டு போகலை. 1990-களின் கடைசியில் பிறந்த கேப்ட்சா வந்தது. ரோபோவை உள்ள விடக்கூடாது என்பதுதான் அதோட பிறவி நோக்கம், நாமளோ ரோபோவைத்தான் அனுப்புறோம். 2011-ல் தரமான, 30 விநாடிக்கு ஒருமுறை மாறுற ஆறு இலக்க எண் வந்தது. அப்புறம் கைரேகை, முகம், பாஸ்கீ. இதுல ஒரு நல்ல விஷயம், வெப்ஆத்தன் தரத்தோட 2021 பதிப்புல, சோதிக்கிறவங்களுக்காகப் பொய்ச் சாவி ஒண்ணை உருவாக்குற வழியையும் சேர்த்தே எழுதிட்டாங்க. பூட்டு செய்யறவங்களுக்கு டெஸ்டர் ஞாபகம் வந்துடுச்சேன்னு கண்ணு கலங்கிடுச்சு.

ஏன்னா, திருடனும் டெஸ்டரும் வாசல்ல ஒரே மாதிரிதான் இருப்பாங்க. எங்கேயோ களவாடின லட்சக்கணக்கான கடவுச்சொற்களை ஒவ்வொரு தளமா முயற்சி பண்ணிப் பாக்குறவன் கையிலயும் இதே கருவிகள்தான். அதனாலதான் வெப்டிரைவர் தரத்துல ஒரு அடையாளம் வெச்சிருக்காங்க. ஓட்டுறது மெஷின்தான்னு உலாவியே பக்கத்துக்குச் சொல்லிடும். நல்லவன் நெத்தியில போட்டுக்கிற பொட்டு அது. கெட்டவன் அழிச்சுட்டு வருவான் என்பது வேற கதை.

ரோபோவுக்கு நாம செஞ்சு கொடுக்கிற ஒவ்வொரு சௌகரியமும் திருடனுக்கும் சௌகரியம். டெஸ்ட் நிரல்ல கடவுச்சொல்லை எழுதி வெச்சா, நிரலைப் படிக்கிறவன் எல்லாம் சாவிக்காரன். 2016-ல் ஊபர் நிறுவனத்தோட நிரல் கிடங்குக்குள்ள புகுந்தவங்க அங்க எழுதி வெச்சிருந்த சாவியை எடுத்துத்தான் 5 கோடியே 70 லட்சம் பேரோட தகவலை அள்ளிட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் நவம்பர்லதான் உலகத்துக்கே தெரிஞ்சது.

எனக்கு நடந்ததையும் சொல்லிடறேன். சில வருஷம் கழிச்சு வேற ஒரு கம்பெனி, வேற ஒரு தளம். ஜனங்களோட சொந்த விவரம் இருக்கிற தளம். லாகினால டெஸ்டுகள் அடிக்கடி சொதப்பிக்கிட்டே இருந்தது. "சோதனை சர்வர்ல மட்டும் லாகினைத் தாண்டிப் போக ஒரு சுவிட்ச் வெச்சுக் கொடுங்கப்பா"ன்னு நிரல் எழுதுற பசங்ககிட்ட கேட்டேன். ஆமா, கேட்டது நான்தான். வெச்சுக் கொடுத்தாங்க. டெஸ்ட் எல்லாம் பச்சை. ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். டமேஜர் கை கொடுத்துப் பாராட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது வெளியீடு போச்சு. எங்களுக்கு எல்லாம் பச்சைதான். திங்கட்கிழமை, வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம் ஆன ஒரு பொண்ணு, தளம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கலாமேன்னு நிஜத் தளத்தைக் கையால திறந்து பார்த்திருக்கு. என் இடத்துக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அண்ணா, நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன்னு நினைக்கிறேன். இது பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குதே?"

வயித்துல புளி கரைக்கிறதுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. சோதனை சர்வரோட அமைப்புக் கோப்பு நிஜ சர்வருக்குப் போயிருந்தது. ரெண்டு நாளுக்கு மேல கதவு ஆவென்று திறந்து கிடந்திருக்கு. பத்து நிமிஷத்துல மூடினோம். அந்த ரெண்டு நாள்ல யார் வந்து போனாங்கன்னு பதிவேடுகளைத் தோண்டித் துருவ ஒரு வாரம் ஆச்சு. தப்பா யாரும் வந்த தடயம் கிடைக்கலை. கிடைக்கலை என்பதும் நடக்கலை என்பதும் ஒண்ணு இல்லைன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எங்ககிட்ட நூத்துக்கணக்குல டெஸ்ட் இருந்தது. ஒண்ணு கூட அதைக் கண்டுபிடிக்கலை. ஏன்னா கதவு பூட்டியிருந்தா எப்படிச் சுவர் ஏறிக் குதிக்கிறதுன்னுதான் இத்தனை வருஷம் ரோபோவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கதவு பூட்டியிருக்கான்னு பார்க்கவே சொல்லித் தரலை. அந்தச் சாம்பல் பெட்டியை எதிரின்னே நினைச்சுட்டேன். அது தன் வேலையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு.

அன்னிக்கு சாயங்காலமே அந்த சுவிட்சைப் பிடுங்கச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நான் போன எல்லா இடத்துலயும் முதல் டெஸ்ட் ஒண்ணுதான். சாவி இல்லாமப் போ, 401 வரணும். தப்பான சாவியோட போ, அப்பவும் 401 வரணும். படிவ லாகின் இருக்கிற தளமா இருந்தா, லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பணும். இது சிவப்பானா மத்த டெஸ்ட் எதுவும் ஓடாது. அதையும் நிஜத் தளத்துலயே தினமும் ஓட்டணும். எழுத அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. உலாவியே வேண்டாம், வெறும் கோரிக்கை அனுப்பினாப் போதும்.

மத்த டெஸ்டுகளுக்கு? ஒரே ஒரு தடவை முறையா உள்ள போய், கிடைச்ச குக்கியைச் சேமிச்சு மத்ததுக்கெல்லாம் கொடுக்கலாம். ப்ளேரைட் போன்ற கருவிகள்ல அதுக்குத் தனி வசதியே இருக்கு. கடவுச்சொல்லை நிரல்ல எழுதாம வெளியிலேர்ந்து கொடுங்க. டெஸ்டுக்குன்னு தனிக் கணக்கு, அதுக்குக் குறைஞ்ச அதிகாரம். அந்தக் குக்கிக் கோப்பும் சாவிதான், அதையும் கிடங்குல போட்டுடாதீங்க.

ஐஈ-யை 2022 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் வழியனுப்பி வெச்சுது. என் ஆட்டோஇட் நாலு வரியும் அதோட போயிடுச்சு. அந்தப் பொண்ணு இப்போ வேற ஒரு இடத்துல பெரிய டீமை நடத்துறாங்க. போன தடவை பேசினப்போ, "புதுசா சேர்றவங்களை முதல் வாரம் எதுவும் சொல்லித் தராம தளத்தைக் கையால பாக்கச் சொல்றேண்ணா"ன்னாங்க. எனக்குச் சொல்ல வார்த்தையே வரலை.

டிஸ்கி: உங்க ஆபீஸ் தளத்தை லாகின் பண்ணாத ஒரு உலாவியில இன்னிக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. பெட்டி வந்தா சந்தோஷமா ஒரு கும்பிடு போடுங்க. வரலைன்னா பின்னூட்டம் போட்டுக்கிட்டு இருக்காதீங்க சாமி, ஓடுங்க!